வெளியே இருந்த வாரிசுகள்: ஆங்கிலோ-சாக்சன் இளவரசர்கள் ஏன் நாடு நாடாக ஓடினார்கள்?

இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலோ-சாக்சன் அரசான நார்தம்பிரியாவின் 7-ஆம் நூற்றாண்டு அரசர் பட்டியலை வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தே தீரும். எட்வின், ஈன்ஃப்ரித், ஓஸ்வால்ட், ஓஸ்வியூ, ஆல்ட்ஃப்ரித் என்று ஐந்து அரசர்கள். ஐந்து பேருமே அரியணை ஏறுவதற்கு முன் அயல்நாட்டில் வாழ்ந்தவர்கள். எட்வின் ஓடியது தன் சகோதரியின் கணவரிடமிருந்து. ஓஸ்வால்டும் ஓஸ்வியூவும் ஓடியது அதே எட்வினிடமிருந்து. ஒரே குடும்பத்துக்குள் ஏன் இந்தத் துரத்தல்? துரத்தப்பட்டவர்கள் எப்படித் திரும்பி வந்து அரசரானார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால்தான் அந்த நூற்றாண்டு பிடிபடும்.

நமக்குக் கிடைக்கும் முக்கியமான சான்று பீட் என்ற துறவி 731-இல் எழுதி முடித்த திருச்சபை வரலாறு. அவர் நார்தம்பிரியாவிலேயே ஜாரோ மடத்தில் இருந்து எழுதினார். கடவுளின் திட்டம் எப்படி நிறைவேறியது என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் அதைச் சொல்லும் போக்கில் யார் யாரிடம் தஞ்சம் புகுந்தார், யார் விலை பேசினார், யார் காட்டிக்கொடுக்க மறுத்தார் என்ற அரசியல் விவரங்களையும் விட்டுவைத்திருக்கிறார்.

முதலில் நிலப்பரப்பு

இங்கிலாந்து என்று ஒரே நாடு அப்போது கிடையாது. கென்ட், கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா, வெசெக்ஸ் என்று பல அரசுகள். ஹம்பர் ஆற்றுக்கு வடக்கே இரண்டு: இன்றைய யார்க்ஷயரை ஒட்டிய டெய்ரா, அதற்கு மேலே பாம்பரோ கோட்டையை மையமாகக் கொண்ட பெர்னீசியா. இரண்டுக்கும் தனித்தனி அரச குடும்பம். இரண்டும் ஒரே ஆளின் கீழ் வரும்போது அது நார்தம்பிரியா.

இவற்றுக்கு மேற்கே, ஆங்கிலோ-சாக்சன்களுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த பிரிட்டன் மக்களின் அரசுகள் இருந்தன. இன்றைய லீட்ஸ் நகரத்தைச் சுற்றியிருந்த எல்மெட் அவற்றில் ஒன்று, வேல்ஸின் வடமேற்கிலிருந்த க்வினெத் இன்னொன்று. வடக்கே பிக்ட் மக்கள். வடமேற்குக் கடலோரத்தில் ஐரிஷ் மொழி பேசிய டால் ரியாடா அரசு. அயோனா தீவின் புகழ்பெற்ற மடம் அதன் எல்லைக்குள்தான் இருந்தது.

இத்தனை எல்லைகள் நெருக்கமாக இருந்ததால், ஓட வேண்டியவருக்குப் போக்கிடம் எப்போதும் பக்கத்திலேயே இருந்தது. துரத்துகிற அரசருக்கு அதுதான் தலைவலி.

பட்டம் யாருக்கு?

மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி அன்று இல்லை. அரச வம்சத்தில் பிறந்த, வளர்ந்த ஆண் எவரும் அரியணைக்கு உரிமை கோரலாம். அப்படிப்பட்டவருக்கு 'ஏதலிங்' என்று பெயர். தம்பி, சித்தப்பா மகன், இரண்டு தலைமுறை தள்ளிய பங்காளி, எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். ரத்த உரிமையோடு இன்னும் இரண்டு வேண்டும்: பின்னால் நிற்க வீரர்கள், அவர்களுக்குக் கொடுக்கப் பொன்னும் ஆயுதமும். கொடுக்கிற கை உள்ளவரிடம்தான் வீரர்கள் தங்குவார்கள்.

இதனால் ஆட்சியில் இருப்பவருக்கு உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பங்காளியும் ஒரு மாற்று அரசர். உள்ளே இருந்தால் கண்காணிக்கலாம், கொல்லலாம், ஒரு பகுதியை ஆளக் கொடுத்துச் சமாதானமும் ஆகலாம். வெளியே போய்விட்டால் அவர் இன்னொரு அரசரின் பாதுகாப்பில் இருக்கிறார் என்று அர்த்தம். என் பார்வையில் அந்தக் காலத்து அரசியலின் திறவுகோல் இதுதான்: நாட்டை விட்டு ஓடியவர் ஆட்டத்தை விட்டு வெளியேறியவர் அல்ல. பல சமயம் அங்கே போன பிறகுதான் அவருக்கு மதிப்பே கூடியது.

அடைக்கலம் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

இரக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. இளவரசரோடு அவருடைய ஆட்களும் வருவார்கள், எல்லோருக்கும் சோறு போட வேண்டும். அப்புறம், அவரைத் துரத்துகிறவரின் பகையும் வந்து சேரும். இருந்தும் கொடுத்தார்கள் என்றால் அதில் ஆதாயம் இருந்தது.

1. பக்கத்து அரசரை அடக்கி வைக்க ஒரு பிடி. 'உன் இடத்தில் உட்காரத் தகுதியான ஆள் என் வீட்டில் இருக்கிறார்' என்பது படை திரட்டாமலே விடக்கூடிய மிரட்டல்.

2. நாளை அந்த இளவரசர் அரசரானால், அவர் கடன்பட்ட அரசர். மேலாதிக்கத்தை ஏற்பார், கப்பம் கட்டுவார், போருக்கு ஆள் அனுப்புவார்.

3. பெண் கொடுத்தால் பேரப்பிள்ளைகள் அந்த வம்சத்து வாரிசுகள் ஆவார்கள்.

4. பெயர். நம்பி வந்தவரைக் காப்பவர் என்ற பெயருக்கு வீரர் கூட்டத்தை நம்பி ஆட்சி நடத்தியவர்களிடையே உண்மையான விலை இருந்தது. ஒருவரை விற்றவர் நாளை நம்மையும் விற்பார் என்று மற்றவர்கள் நினைக்க மாட்டார்களா?

நான்காவதை வெறும் அலங்காரப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. எட்வின் உயிர் பிழைத்தது அதனால்தான்.

எட்வின்: ரெட்வால்டின் வாசலில் ஓர் இரவு

எட்வின் டெய்ரா அரசர் ஏலேயின் மகன். பெர்னீசிய அரசர் ஏதெல்ஃபிரித் 604 வாக்கில் டெய்ராவையும் கைப்பற்றினார். எட்வினின் சகோதரி ஆக்காவை மணந்துகொண்டார். தோற்ற குடும்பத்துப் பெண்ணை மணப்பது வென்ற இடத்தில் காலூன்றும் வழி. அந்தப் பெண்ணின் சகோதரன் உயிரோடு இருந்தால் மட்டும் அது போதாது. எட்வினுக்கு அப்போது 18 வயது இருக்கலாம்.

அடுத்த 12 ஆண்டுகள் போல அவர் ஊர் ஊராக, அரசு அரசாக மறைந்து திரிந்தார் என்கிறார் பீட். மெர்சியாவில் அரசர் கேர்ல் தன் மகள் க்வென்பர்கை அவருக்குக் கொடுத்தார். ஓஸ்ஃப்ரித், ஈட்ஃப்ரித் என்று இரண்டு மகன்கள் அந்த நாடோடிக் காலத்திலேயே பிறந்தார்கள். ஒன்றுமில்லாத அகதிக்கு எந்த அரசரும் மகளைக் கொடுப்பதில்லை. எட்வின் ஒருநாள் அரசராவார் என்று கேர்ல் கணக்குப் போட்டிருக்கிறார்.

கடைசியில் எட்வின் கிழக்கு ஆங்கிலியா அரசர் ரெட்வால்டிடம் வந்தார். 1939-இல் சட்டன் ஹூவில் தோண்டி எடுக்கப்பட்ட கப்பல் கல்லறையும் அதிலிருந்த பொன்னும் இவருடையவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரெட்வால்ட் காப்பதாக வாக்குக் கொடுத்தார். செய்தி வடக்கே போனதும் ஏதெல்ஃபிரித் தூதர்களை அனுப்பினார்: எட்வினைக் கொன்றால் நிறையப் பணம். ரெட்வால்ட் அசையவில்லை. இரண்டாம் முறையும் ஆள் வந்தது. மூன்றாம் முறை வெள்ளி இன்னும் கூடியது, மறுத்தால் போர் என்ற மிரட்டலும் சேர்ந்து வந்தது. ரெட்வால்ட் தளர்ந்தார். கொல்வதாகவோ ஒப்படைப்பதாகவோ சம்மதித்துவிட்டார்.

அன்று இரவு எட்வின் படுக்கப் போகிற நேரம். விசுவாசமான நண்பர் ஒருவர் அவரை வெளியே அழைத்து விஷயத்தைச் சொல்கிறார். இப்போதே கிளம்பினால் ரெட்வால்டோ ஏதெல்ஃபிரித்தோ கண்டுபிடிக்க முடியாத இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். எட்வின் மறுக்கிறார். எனக்கு ஒரு தீங்கும் செய்யாத அரசரோடு செய்த ஒப்பந்தத்தை நான் முதலில் முறிக்க மாட்டேன், சாகத்தான் வேண்டுமென்றால் அற்பமான ஒருவர் கையால் சாவதைவிட இவர் கையால் சாகிறேன் என்கிறார். இத்தனை ஆண்டு பிரிட்டன் முழுக்க ஓடியாயிற்று, இனி எங்கே ஓடுவது என்றும் கேட்கிறார். நண்பர் போனபின் அரண்மனைக்கு வெளியே ஒரு கல்லில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

முன்பின் தெரியாத ஒருவர் இருட்டில் தோன்றி, அவர் தலைமேல் கை வைத்து, பெரிய அரசராவாய் என்று வாக்குக் கொடுத்ததாகப் பீட் இங்கே எழுதுகிறார். எட்வின் பின்னாளில் கிறிஸ்தவரானதற்கு அதுதான் தொடக்கம் என்பது அவர் காட்ட விரும்புவது. அரசியல் திருப்பமோ உள்ளே நடந்துகொண்டிருந்தது. ரெட்வால்ட் தன் முடிவை மனைவியிடம் தனியாகச் சொல்ல, அவர் தடுத்துவிட்டார். இவ்வளவு பெரிய அரசர் இக்கட்டில் இருக்கும் உற்ற நண்பனைப் பொன்னுக்கு விற்பது தகாது, எல்லா அணிகலனையும்விட விலை உயர்ந்த வாக்குறுதியைப் பண ஆசைக்காக இழப்பது இன்னும் தகாது என்பது அவர் வாதம்.

இந்த அரசியின் பெயரைப் பீட் தரவில்லை. வேறோர் இடத்தில், கென்ட்டில் ஞானஸ்நானம் பெற்று வந்த ரெட்வால்டைப் பழைய மதத்துக்குத் திருப்பியவர்களில் ஒருவர் என்று அவரைக் குறை சொல்லவும் செய்கிறார். அப்படிப்பட்ட பீட்டே அரசியின் நேர்மையை மறைக்காமல் எழுதியிருப்பதால், இந்தப் பகுதியை நான் கூடுதலாக நம்புகிறேன்.

தூதர்கள் திரும்பியதுமே ரெட்வால்ட் படையெடுத்தார். ஏதெல்ஃபிரித் தன் முழுப் படையையும் திரட்ட அவகாசம் கொடுக்கவில்லை. 616-இல், மெர்சிய எல்லையை ஒட்டி, ஐடில் ஆற்றின் கிழக்குக் கரையில் நடந்த போரில் ஏதெல்ஃபிரித் கொல்லப்பட்டார். ரெட்வால்டின் மகன் ரேகன்ஹெரேயும் அங்கே விழுந்தார். அடைக்கலம் கொடுத்ததற்கு அவர் தந்த விலை அது. எட்வின் டெய்ராவுக்கும் பெர்னீசியாவுக்கும் சேர்த்தே அரசரானார்.

ஹெரெரிக்: திரும்பி வராதவர்

எட்வினோடு அதே குடும்பத்திலிருந்து இன்னொருவரும் துரத்தப்பட்டிருந்தார். பெயர் ஹெரெரிக். எட்வினின் உடன்பிறந்தவர் மகன் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அவரைப் பற்றித் தனியாக ஒரு கதையும் இல்லை. பின்னாளில் மடத்தலைவியான தன் மகள் ஹில்டாவைப் பற்றிப் பீட் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இரண்டொரு வாக்கியத்தில் வந்து போகிறார்.

அந்த வாக்கியங்கள் சொல்வது இவ்வளவு: ஹெரெரிக் பிரிட்டன் மக்களின் அரசர்களில் ஒருவரான செரெடிக்கிடம் அகதியாக இருந்தார், அங்கே விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி பிரெகுஸ்வித் ஒரு கனவு கண்டார். கணவர் திடீரென்று காணாமல் போகிறார், எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே தன் ஆடைக்குள் ஒரு விலைமதிப்பான கழுத்தணி அகப்படுகிறது, அதன் ஒளி பிரிட்டன் முழுவதும் பரவுகிறது. அந்த அணி கைக்குழந்தை ஹில்டா என்று பீட் பொருள் சொல்கிறார். ஹில்டா பிறந்தது 614.

செரெடிக் எல்மெட்டின் அரசர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எட்வினுக்கும் ஹெரெரிக்குக்கும் ஒரே ரத்தம், ஒரே எதிரி. ஒருவர் அரசரானார், ஒருவர் செத்தார். வித்தியாசம் எங்கே என்று பார்த்தால் மூன்று விஷயம் கண்ணில் படுகிறது.

1. எல்மெட் சிறிய அரசு. டெய்ராவின் மேற்கு எல்லையை ஒட்டியே இருந்தது. ஏதெல்ஃபிரித்தின் கை எட்டும் தூரம். ரெட்வால்டின் நாடு தொலைவில் இருந்தது, பலமும் அதிகம்.

2. செரெடிக்கால் ஹெரெரிக்கைக் கொண்டுபோய் டெய்ராவில் உட்கார வைக்க முடிந்திருக்காது. பிடித்து வைத்திருப்பதில் ஆபத்து மட்டும் மிச்சம்.

3. போரில் கொல்வதற்குப் படை வேண்டும். விஷத்துக்கு, வீட்டுக்குள் ஒரே ஒரு ஆள் போதும். புகலிடத்தின் மிகப் பலவீனமான இடம் சமையற்கட்டும் சாப்பாட்டு மேசையும்தான்.

விஷம் யார் ஏற்பாடு என்று பீட் எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் ஹெரெரிக்கின் சாவால் நேரடியாகப் பலன் அடைந்தவர் ஏதெல்ஃபிரித். எட்வினுக்கு விலை பேசியவரும் அவரே. சந்தேகம் அவர்மேல் விழுவது இயல்பு. செரெடிக் உடந்தையா என்பது அடுத்த கேள்வி. அரசரான பிறகு எட்வின் எல்மெட்டைப் பிடித்து அதன் அரசரைத் துரத்தினார் என்று 9-ஆம் நூற்றாண்டு பிரிட்டன் வரலாறு ஒன்று சொல்கிறது. ஹெரெரிக்குக்காகப் பழி தீர்த்தார் என்று பலர் வாசிக்கிறார்கள். பழி ஒரு சாக்காக இருந்திருக்கலாம். ஆனால் டெய்ராவின் பக்கவாட்டில் ஒரு தனி அரசு நீடிப்பதை எட்வின் எப்படியும் அனுமதித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த சுற்று: மருமகன்கள் ஓடுகிறார்கள்

616-இல் ஏதெல்ஃபிரித் விழுந்ததும் சக்கரம் அப்படியே திரும்பியது. அவருடைய மகன்கள் ஈன்ஃப்ரித், ஓஸ்வால்ட், ஓஸ்வியூ வடக்கே ஓடினார்கள். பிரபுக்கள் வீட்டு இளைஞர்கள் நிறையப் பேர் கூடவே போனார்கள் என்கிறார் பீட். அதாவது நாட்டுக்கு வெளியே ஒரு சிறு அரசவையே நகர்ந்து போனது. ஓஸ்வால்டுக்கு வயது 12, ஓஸ்வியூவுக்கு 4. ஓஸ்வால்ட் ஆக்காவின் மகன், எனவே எட்வின் அவருக்குச் சொந்தத் தாய்மாமன்.

தாய்மாமன் என்ற உறவு இங்கே எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. ஓஸ்வால்டின் உரிமை தந்தைவழி வந்தது. எட்வின் உட்கார்ந்திருந்த இடத்தில் பாதி அவருடையது.

ஓஸ்வால்டும் ஓஸ்வியூவும் டால் ரியாடாவின் ஐரிஷ் மக்களிடையே வளர்ந்து அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். ஈன்ஃப்ரித்தின் மகன் டலோர்கன் பின்னாளில் பிக்ட் மக்களின் அரசராகவே ஆனதால், ஈன்ஃப்ரித் அங்கே மணம் முடித்திருக்கிறார் என்று தெரிகிறது.

633 அக்டோபர் 12 அன்று, க்வினெத் அரசர் காட்வாலனும் மெர்சியாவின் பெண்டாவும் சேர்ந்து ஹாட்ஃபீல்டில் எட்வினைக் கொன்றார்கள். ஈன்ஃப்ரித் திரும்பி வந்து பெர்னீசியாவை எடுத்துக்கொண்டார், ஓர் ஆண்டுக்குள் காட்வாலன் கையில் மாண்டார். அடுத்து வந்த ஓஸ்வால்ட் ஹெவன்ஃபீல்ட் போரில் காட்வாலனை வீழ்த்தினார்.

இப்போது எட்வின் குடும்பத்தின் முறை. எட்வினின் பிந்தைய மனைவியான அரசி ஏதெல்பர்க், பாஸஸ் என்ற வீரரின் காவலில், கடல் வழியாகத் தன் பிறந்தகமான கென்ட்டுக்குத் தப்பினார். கையில் மகள் ஈன்ஃப்லெட், மகன் உஸ்க்ஃப்ரேயா, ஓஸ்ஃப்ரித்தின் மகன் இஃபி. கென்ட்டை ஆண்டவர் ஏதெல்பர்கின் சொந்தச் சகோதரர் ஈட்பால்ட். இருந்தும் ஈட்பால்டுக்கும் ஓஸ்வால்டுக்கும் பயந்து அவர் இரண்டு ஆண் குழந்தைகளையும் கடல் தாண்டி, இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்க் அரசர் தகோபர்ட்டிடம் வளர அனுப்பினார். இருவரும் அங்கேயே குழந்தைப் பருவத்தில் இறந்தார்கள். பெண் குழந்தையை அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. ஏதலிங் என்ற தகுதி ஆண் குழந்தைக்கு மட்டுமே இருந்த ஆபத்து.

மெர்சியாவில் பிறந்த ஈட்ஃப்ரித் பெண்டாவிடமே சரணடைந்தார். சத்தியம் செய்து கொடுத்திருந்தும் பெண்டா அவரைப் பின்னர் கொன்றார். ரெட்வால்ட் கடைசி நேரத்தில் செய்ய மறுத்ததைப் பெண்டா செய்தார்.

மற்ற அரசுகளிலும் இதேதான்

வெசெக்ஸின் கென்வால் பெண்டாவின் சகோதரியைத் தள்ளிவைத்ததால் துரத்தப்பட்டு, கிழக்கு ஆங்கிலியாவில் மூன்று ஆண்டு தங்கி, அங்கே கிறிஸ்தவராகித் திரும்பினார். மெர்சியாவின் ஏதெல்பால்ட் குரோலண்ட் சதுப்பு நிலத்தில் துறவி குத்லாக்கிடம் ஆறுதல் தேடிப் போய்வந்து, 716-இல் அரசரானார். வெசெக்ஸின் எக்பர்ட் பிராங்க் நாட்டில் ஒதுங்கியிருந்து 802-இல் அரசரானார்.

விளைவு: ஒரே அரண்மனையில் இரண்டு ஈஸ்டர்

ஓர் இளவரசர் எங்கே தஞ்சம் புகுந்தாரோ அந்த இடத்தின் மதமும் பழக்கமும் அவரோடு திரும்பி வந்தன. ஓஸ்வால்ட் அரசரானதும் பிஷப் வேண்டுமென்று கேட்டது தன்னை வளர்த்த ஐரிஷ் திருச்சபையிடம். அயோனாவிலிருந்து ஐடன் வந்தார், 635-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் மடம் எழுந்தது. ஐடனுக்கு ஆங்கிலம் சரியாக வராதபோது அவர் பிரசங்கத்தை அரசரே மொழிபெயர்த்தார். அகதியாகக் கழித்த 17 ஆண்டுகளில் அவர் கற்ற ஐரிஷ் மொழி அதற்கு உதவியது.

ஓஸ்வால்ட் 642-இல் போரில் இறக்க, ஓஸ்வியூ வந்தார். அவர் மணந்தது கென்ட்டில் வளர்ந்த ஈன்ஃப்லெட்டை, எட்வினின் மகளை. ஓஸ்வியூவும் ஆக்காவின் மகன் என்று கொண்டால், அவர் கட்டியது மாமன் மகளை. இரண்டு வம்சத்துப் பகையை ஒரு வீட்டுக்குள் கொண்டுவர நடந்த திருமணம் அது. கூடவே இன்னொரு சிக்கலும் வந்தது. ஓஸ்வியூ ஐரிஷ் கணக்குப்படி ஈஸ்டர் கொண்டாடினார், ஈன்ஃப்லெட் கென்ட் வழியாக வந்த ரோமன் கணக்குப்படி. சில ஆண்டுகளில் அரசர் நோன்பு முடித்துப் பண்டிகை கொண்டாடும்போது அரசி இன்னும் நோன்பில் இருந்தார்.

இதைத் தீர்க்க 664-இல் விட்பியில் கூடிய சபைதான் இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றின் பெரிய திருப்பம். ஈஸ்டர் தேதி பற்றிய இறையியல் விவாதமாகவே அதைப் படிப்பது வழக்கம். அதன் பின்னணியில் நிற்கிறவர்களைப் பாருங்கள். தீர்ப்புச் சொன்ன ஓஸ்வியூ நான்கு வயதில் டால் ரியாடாவின் ஐரிஷ் மக்களிடம் ஓடியவர். அவருடைய அரசி குழந்தையாகக் கென்ட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர். சபை கூடிய மடத்தின் தலைவி, எல்மெட்டில் விஷம் வைக்கப்பட்ட ஹெரெரிக்கின் மகள் ஹில்டா. மூவரையும் வெவ்வேறு திசையில் சிதறடித்தது ஒரே குடும்பப் பகை. ஐரிஷ் வழக்கமும் ரோமன் வழக்கமும் ஒரே அரசவையில் வந்து மோதியதற்கு அந்தச் சிதறலே வழி செய்தது.

ஓஸ்வியூ ரோமின் பக்கம் தீர்ப்பளித்தார். லிண்டிஸ்ஃபார்ன் பிஷப் கோல்மன் அதை ஏற்காமல் தன் துறவிகளோடு வெளியேறினார். ஐரிஷ் தரப்பை ஆதரித்திருந்த ஹில்டா 680-இல் இறக்கும்வரை மடத்தை நடத்தினார். அரசர்களே ஆலோசனை கேட்டு அவரிடம் வந்தார்கள் என்கிறார் பீட். அவரிடம் பயின்றவர்களில் ஐந்து பேர் பிஷப் ஆனார்கள்.